மாரத்தான் முடிந்து ஐந்து வாரம்: ஷூவைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது

ஈரக்காலுறை | திங்கள், இரவு 10:12

வணக்கம். ஆறு மாதமாக இங்கே வாசித்துக்கொண்டிருக்கிறேன், எழுதியது குறைவு.

என் முதல் மாரத்தான் முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. நாலு மணி நேரத்துக்குள் வர வேண்டும் என்பது இலக்கு. 3:58:41-ல் வந்துவிட்டேன். ஆக, இது தோற்றவனின் புலம்பல் இல்லை. குழப்பமே அங்கேதான்.

18 வார அட்டவணை. தாளில் அச்செடுத்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தேன். ஓடி முடித்த ஒவ்வொரு நாளையும் பச்சைப் பேனாவால் அடிப்பேன். 32 கி.மீ. லாங் ரன் மட்டும் மூன்று. மழையில் ஓடினேன், காய்ச்சல் விட்ட மறுநாளே ஓடினேன் (தப்புதான், திட்ட வேண்டாம்). எல்லைக்கோட்டைத் தாண்டியதும் அழுகை வந்தது. மெடலை மாட்டிவிட்டார்கள். தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருக்கும்போதே உள்ளே ஒரு குரல்: "சரி, நாளைக்கு என்ன?" கோட்டைத் தாண்டிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

முதல் வாரம் படியில் பின்பக்கமாகத்தான் இறங்கினேன். இரண்டாம் வாரம் வலி போனது. மூன்றாம் வாரம் 5 கி.மீ. போகலாம் என்று கிளம்பி, 2 கி.மீ.யில் திரும்பி நடந்தே வந்துவிட்டேன். மூச்சு வாங்கவில்லை, எங்கும் வலிக்கவும் இல்லை. எதற்கு ஓடுகிறேன் என்பதுதான் தெரியவில்லை. அதோடு சரி.

இப்போதும் 4:45-க்கு அலாரம் அடிக்கிறது. அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறேன், ஆனால் தூக்கம் வருவதில்லை. குற்ற உணர்ச்சியோடு ஆறரை வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் "அடுத்தது எப்போ?" என்கிறார்கள்.

இது சோம்பலா, உடம்பா, மனசா? உங்களில் யாருக்காவது வந்து போயிருக்கிறதா? போயிருந்தால், எப்படிப் போனது?


முழங்கால்சாமி | திங்கள், இரவு 10:31

அலாரத்தை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள்?


ஈரக்காலுறை | திங்கள், இரவு 10:34

எடுத்துவிட்டால் ஓட்டத்தையே விட்டுவிட்டது போல ஆகிவிடும் என்று பயம்.


நிமிடமுள் | திங்கள், இரவு 11:05

நேராகவே சொல்கிறேன். ஊக்கம் என்பது விருந்தாளி. வரும், போகும். அதை நம்பி யாரும் 18 வாரம் ஓடுவதில்லை. நீங்களும் ஓடியிருக்க மாட்டீர்கள். பழக்கம்தான் ஓட வைத்தது, இப்போது அது அறுந்திருக்கிறது. நாளைக் காலை எழுந்து 3 கி.மீ. ஓடுங்கள். பிடிக்க வேண்டும் என்று அவசியமில்லை. மறுநாளும் ஓடுங்கள். மூன்று வாரத்தில் சரியாகிவிடும்.

ரான் ஹில் என்று ஒருவர். 1970-ல் பாஸ்டன் மாரத்தானை வென்றவர். 1964 டிசம்பரில் தொடங்கி 2017 ஜனவரி வரை ஒரு நாள்கூட விடாமல், குறைந்தது ஒரு மைலாவது ஓடினார். 52 வருஷம். தினமும் மனசு வந்தா ஓடியிருப்பார்?


முழங்கால்சாமி | திங்கள், இரவு 11:18

அதே ரான் ஹில் பாதத்தில் அறுவை சிகிச்சை முடிந்து கட்டோடு இருந்தபோதும், ஊன்றுகோல் வைத்துக்கொண்டு அந்த ஒரு மைலை முடித்தார். கடைசியில் நிறுத்தியதுகூட ஓடும்போது நெஞ்சு வலி வந்ததால்தான். வணங்க வேண்டிய மனிதர், மறுக்கவில்லை. பின்பற்ற வேண்டிய மனிதரா என்று கேட்டால், என் முழங்காலைக் கேட்டுச் சொல்கிறேன்.

என் கதை வேறு. உங்களுக்கு வந்த அதே வெறுமை எனக்கும் வந்தது. நான் கண்டுபிடித்த மருந்து: மூன்றாவது நாளே அடுத்த மாரத்தானுக்குப் பணம் கட்டியது. பத்து வாரத்தில் இன்னொன்று. உற்சாகம் திரும்பி வந்தது, பொய் சொல்ல மாட்டேன். புது அட்டவணை, புது ஷூ, எல்லாம். ஆறாவது வாரத்தில் முன்கால் எலும்பில் ஒரு குத்தல் தொடங்கியது. "சும்மா சதை வலி" என்று பத்து நாள் ஓட்டினேன். ஸ்கேனில் மயிரிழை அளவு விரிசல். நாலு மாதம் ஓட்டம் கிடையாது. முதலில் வந்த வெறுமை எனக்கு ஏதோ சொல்ல வந்திருக்கிறது, நான்தான் வாயைப் பொத்தி அனுப்பிவிட்டேன்.


கடைசிவரிசை | செவ்வாய், காலை 5:50

தம்பி, எனக்கு வயது 61. 27 மாரத்தான் முடித்திருக்கிறேன், அதில் இருபதிலாவது கடைசி நூறு பேரில் ஒருவன். அதனால் என் பேச்சில் வேகத்துக்கான யோசனை எதுவும் இருக்காது.

ஜாக் ஃபாஸ்டர் என்று நியூசிலாந்துக்காரர் ஒருவர் இருந்தார். முப்பது வயதைத் தாண்டித்தான் ஓடவே தொடங்கினார். 1974-ல் கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த் போட்டியில் 41 வயதில் 2 மணி 11 நிமிடத்தில் ஓடி வெள்ளி வாங்கினார். பந்தயத்தில் ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் ஒரு நாள் என்று கணக்கு வைத்துக்கொள், அத்தனை நாளுக்குக் கடுமையான ஓட்டம் வேண்டாம் என்ற வழக்கத்தை அவர் பேரில்தான் சொல்வார்கள். மாரத்தான் 26 மைல், ஆக 26 நாள். இது ஆய்வுக்கூடத்தில் அளந்து சொன்னதில்லை, ஓடிப் பார்த்தவர்களின் மதிப்பீடு. ஆனால் 27 தடவையும் எனக்குச் சரியாக வந்திருக்கிறது. உங்களுக்கு ஐந்து வாரம் ஆகிறது, அதாவது 35 நாள். அதில் முதல் 26-ஐக் கழித்துவிடுங்கள். நீங்கள் "சோம்பலாக" இருந்தது ஒன்பது நாள்தான். ஒன்பது நாளுக்கு இவ்வளவு நீளப் பதிவா?

படி இறங்கும் வலி ஒரு வாரத்தில் போய்விடும். ஆனால் வலி போனதும் தசைநார் எல்லாம் ஒட்டி முடிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. சதையின் உள்ளே நுண்ணிய கிழிசல்கள் ஆற அதைவிட அதிக நாள் ஆகும். மூன்றாம் வாரம் உங்களை 2 கி.மீ.யில் திருப்பி அனுப்பியது மனசு என்கிறீர்கள். எனக்கென்னவோ காலும் சேர்ந்துதான் முடிவு எடுத்திருக்கிறது.


நிமிடமுள் | செவ்வாய், காலை 7:20

சரி, 26 நாள் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இப்படியே விட்டால் கட்டிய உடம்பு கரைந்துவிடும். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.


சாக்பீஸ் | செவ்வாய், மதியம் 1:15

எவ்வளவு கரையும் என்று கணக்கு இருக்கிறது. 1984-ல் வந்த ஓர் ஆய்வில், நன்றாகப் பயிற்சி பெற்றவர்களை முழுவதுமாக நிறுத்தச் சொல்லி அளந்தார்கள். உடம்பு அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற அளவு முதல் மூன்று வாரத்தில் 7 சதவீதம் இறங்கியது. எட்டாவது வார வாக்கில் 16 சதவீதம் குறைந்த இடத்தில் போய் நின்றுவிட்டது, அதற்குக் கீழே போகவில்லை. அதுவும் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு. அப்போதும்கூட, பயிற்சியே செய்திராதவர்களைவிட மேலேதான் இருந்தார்கள். நடக்கிறவர், படி ஏறுகிறவர் என்றால் இழப்பு இன்னும் குறையும். ஆரம்பத்தில் இறங்குவதில் பெரும்பங்கு ரத்தத்தின் அளவு குறைவதால். திரும்ப ஓடத் தொடங்கினால் முதலில் மீள்வதும் அதுதான். "கரைந்துவிடும்" என்று பயமுறுத்தாதீர்கள்.

ஆனால் என்னை இந்த இழைக்குள் இழுத்தது அந்தப் பச்சைப் பேனா. நான் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள். எங்கள் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்த ஒரு சோதனை, 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் செய்தது. மழலைப் பள்ளியில், படம் வரைய ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பகுதிக் குழந்தைகளிடம் "வரைந்தால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார்கள். இன்னொரு பகுதிக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாவது பகுதிக்கு எதுவும் இல்லை. சில நாள் கழித்து, யாரும் எதுவும் சொல்லாத நேரத்தில் பேனாக்களை மேஜையில் வைத்துவிட்டுக் கவனித்தால், பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் பரிசு வாங்கிய குழந்தைகளுக்கு எந்தக் குறையும் இல்லை.

பரிசு கெட்டது என்று நான் இதை எடுத்துக்கொள்ளவில்லை. "இதற்காகத்தான் இதைச் செய்கிறேன்" என்று மனசு ஒரு தடவை கணக்கு எழுதிக்கொண்டால், அந்த "இது" கைக்கு வந்ததும் கணக்கை மூடிவிடுகிறது. ஈரக்காலுறை, மாரத்தானுக்குப் பெயர் கொடுப்பதற்கு முன்னால் நீங்கள் எதற்கு ஓடினீர்கள்?


ஈரக்காலுறை | செவ்வாய், இரவு 9:48

இந்தக் கேள்வி என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்துவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன் தொடங்கியது. அப்போது வேலை மாறியிருந்தேன், ராத்திரி தூக்கமே வராது. அலுப்பாவது வரட்டும் என்று ஓடினேன். வாட்ச் கிடையாது. எவ்வளவு தூரம் என்றும் தெரியாது. ஒரு தெருவிளக்கிலிருந்து இன்னொன்று வரை ஓட்டம், அடுத்தது வரை நடை. அப்போது பிடித்ததா என்றால், பிடித்தது என்று சொல்லத் தோன்றவில்லை. பிடிக்குமா பிடிக்காதா என்று கேட்டுக்கொண்டதே இல்லை.

வாட்ச் வந்ததும் பேஸ், அதாவது ஒரு கி.மீ.க்கு எத்தனை நிமிடம் என்பது, தெரிந்தது. பேஸ் தெரிந்ததும் கணக்கு வந்தது. நாலு மணி நேரத்துக்கு ஒரு கி.மீ. 5:41. அந்த எண்ணை ஐந்து மாதம் நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிந்தேன்.


மிதிவண்டி | புதன், காலை 6:40

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விட்டுவிடலாம். நான் விட்டேன்.

மூன்று மாரத்தானுக்குப் பிறகு இதே நிலை. எட்டு மாதம் என்னோடு சண்டை போட்டேன். அப்புறம் ஒருநாள் சைக்கிளை எடுத்தேன், இப்போது ஆறு வருஷம். ஓட்டம் திரும்பி வரவில்லை, நான் தேடவும் இல்லை. "மீட்டெடுப்பது எப்படி" என்று எல்லோரும் பேசும்போது, மீட்டே ஆக வேண்டும் என்று யார் சொன்னது என்று கேட்கத் தோன்றுகிறது.


நிமிடமுள் | புதன், காலை 7:02

அவர் கேட்டது மீட்பது எப்படி என்று.


மிதிவண்டி | புதன், காலை 7:10

அவர் கேட்டது "சோம்பலா, உடம்பா, மனசா" என்று. மேலே போய்ப் படித்துப் பாருங்கள்.


மழைத்துளி_7 | புதன், இரவு 8:25

உடம்பு என்ற பக்கத்தை அவ்வளவு சீக்கிரம் தாண்டிப் போகாதீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

போன வருஷம் மாரத்தானுக்குப் பிறகு எனக்கும் "ஊக்கம் போய்விட்டது". நானும் வலைத்தளம் வலைத்தளமாக ஊக்கக் கட்டுரைகளைப் படித்தேன். கண்ணாடியில் ஒட்டி வைக்க வாசகம்கூட எழுதினேன். படியேறினால் காது அடைத்தது, அதை வெயில் என்றேன். மாதவிடாய் நாலு மாதம் வரவில்லை, "ஓடுபவர்களுக்கு அப்படித்தான்" என்று யாரோ சொன்னதை நம்பினேன். கடைசியில் மருத்துவரிடம் போனபோது இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, ஹீமோகுளோபின் பரவாயில்லை, ஆனால் ஃபெரிட்டின், அதாவது உடம்பு சேமித்து வைக்கும் இரும்புச் சத்தின் அளவு, தரைமட்டம். ஹீமோகுளோபினை மட்டும் பார்த்திருந்தால் "எல்லாம் நார்மல்" என்று அனுப்பியிருப்பார்கள். இரண்டாவது, ஓடிய அளவுக்கு நான் சாப்பிடவே இல்லை. எடை குறைந்தால் வேகம் கூடும் என்று நானாகக் கட்டிய கணக்கு.

ஓட்டத்துக்கு ஈடாகச் சாப்பிடாமல் இருந்தால் உடம்பு மற்ற வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தும். எலும்பு, ஹார்மோன், மனநிலை எல்லாம் அடிபடும். இதற்குச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-ல் தனிப் பெயரே வைத்தது. ஆண்களுக்கும் வரும், அவர்களுக்கு மாதவிடாய் போல வெளியே தெரியும் அறிகுறி இல்லாததால் இன்னும் தாமதமாகத் தெரியும்.

மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டு, சொன்னபடி இரும்புச் சத்து மாத்திரை எடுத்தேன். (நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், இரும்பு அதிகமானாலும் ஆபத்து.) ஒரு காலை ஷூவைக் கட்டிக்கொண்டிருந்தேன், எப்போது எழுந்தேன் என்று நினைவே இல்லை. கண்ணாடி வாசகத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.


நிர்வாகி | புதன், இரவு 9:00

நல்ல இழை. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: ஓட்டம் மட்டும் சலித்திருந்தால் ஒரு கதை. தூக்கம், பசி, வேலை, மனிதர்கள் எல்லாவற்றிலும் ஆர்வம் போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆனால் அது வேறு கதை, மருத்துவரைப் பார்க்க வேண்டிய கதை. நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸ் ஒவ்வொரு ஒலிம்பிக்குக்குப் பிறகும் மனச்சோர்வில் விழுந்ததாகவும், 2012-க்குப் பிறகு உயிரோடு இருக்கவே விருப்பமில்லாமல் அறையில் அடைந்து கிடந்ததாகவும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். மொத்தம் 23 தங்கம் வாங்கியவர். வென்றவருக்கு இதெல்லாம் வராது என்று நினைக்க வேண்டாம்.


ஈரக்காலுறை | வியாழன், இரவு 10:20

அக்கறைக்கு நன்றி. மற்றதெல்லாம் பிடிக்கிறது. நன்றாகச் சாப்பிடுகிறேன், ஆட்களைப் பார்த்தால் பேசத் தோன்றுகிறது. காலையில் கூரை பார்ப்பது மட்டும்தான். மழைத்துளி அக்கா சொன்னதைப் படித்து, இன்று பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன்.

மிதிவண்டி சொன்னதை இரண்டு நாளாக யோசிக்கிறேன். "விட்டுவிடலாம்" என்பதைப் படித்ததும் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை, கொஞ்சம் கோபம்தான் வந்தது. என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.


மிதிவண்டி | வியாழன், இரவு 10:26

அர்த்தம் தெரிந்துதான் இருக்கிறது. உங்கள் சைக்கிளுக்கு இன்னும் நேரம் வரவில்லை.


கடைசிவரிசை | வெள்ளி, காலை 5:40

அலாரத்தை எடுத்துவிடுங்கள் தம்பி. முழங்கால்சாமி முதல் வரியிலேயே சொல்லிவிட்டார், யாரும் கண்டுகொள்ளவில்லை.


முழங்கால்சாமி | வெள்ளி, காலை 9:15

என்னை முதல் வரியோடு யாரும் படிப்பதே இல்லை.


புதுஷூ | ஞாயிறு, மாலை 4:30

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு முதல் மாரத்தானுக்கு இன்னும் ஒன்பது வாரம் இருக்கிறது. 42 கி.மீ.யைப் பற்றி மட்டும்தான் பயந்துகொண்டிருந்தேன். இப்போது 43-வது கி.மீ.யைப் பற்றியும் பயம் வந்துவிட்டது. இப்போதே ஏதாவது செய்து வைக்க முடியுமா?


கடைசிவரிசை | ஞாயிறு, இரவு 7:55

முடியும், ரொம்பச் சின்ன வேலை. உங்கள் அட்டவணை எந்த நாளோடு முடிகிறது? பந்தய நாளோடுதானே? எல்லா அட்டவணையும் அப்படித்தான் இருக்கிறது. பந்தயத்துக்கு முன் இரண்டு மூன்று வாரம் எப்படித் தூரத்தைக் குறைத்து டேப்பர் செய்வது என்று நாள் நாளாக எழுதியிருப்பார்கள். பந்தயத்துக்கு அடுத்த நாள் என்ன என்ற கட்டமே இருக்காது. தாள் அங்கே முடிந்துவிடும், ஆளும் அங்கே தொங்குவான்.

அதனால் கீழே நாலு வரி நீங்களாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். முதல் வாரம்: ஓட்டம் இல்லை, நடை. இரண்டாம் வாரம்: இஷ்டம் இருந்தால் இரண்டு தடவை அரை மணி நேரம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில். மூன்றாம், நாலாம் வாரம் கொஞ்சம் கொஞ்சமாக. டேப்பரைத் தலைகீழாகத் திருப்பியது போல. இதை இப்போதே, வேகம் இருக்கும்போதே எழுத வேண்டும். பந்தயம் முடிந்தபின் எழுத உட்கார்ந்தால் கை வராது.

அப்புறம் இன்னொன்று. பந்தயத்தோடு சம்பந்தமே இல்லாமல், பயிற்சிக்காக நீங்கள் தள்ளிப்போட்ட ஒன்று இருக்கும். யார் வீட்டுக்காவது போவதாகச் சொல்லிப் போகாமல் இருப்பீர்கள். அதை அடுத்த வார இறுதிக்கு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை திடீரென்று மூன்று மணி நேரம் காலியாகும். அது ரொம்பப் பெரிய பள்ளம், பழகியவனுக்கே கால் இடறும்.


நிமிடமுள் | ஞாயிறு, இரவு 9:10

இதை மறுக்க ஒன்றும் இல்லை. முதல் தடவையாக.


(பதினெட்டு நாள் கழித்து)


சாக்பீஸ் | வியாழன், மாலை 6:05

ஈரக்காலுறை, என்ன ஆயிற்று? ரத்தப் பரிசோதனை?


ஈரக்காலுறை | சனி, இரவு 11:02

மன்னிக்கவும், சொல்ல எதுவும் இல்லாததால் எழுதவில்லை. இன்று இருக்கிறது.

பரிசோதனை: ஃபெரிட்டின் குறைவுதான், மோசம் இல்லை. சாப்பாட்டில் கவனம் வைத்துவிட்டு மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார்கள். அலாரத்தை எடுத்துவிட்டேன். முதல் நாலு நாள் அலாரம் இல்லாமலே 4:45-க்கு விழிப்பு வந்தது. ஐந்தாம் நாள் ஏழு மணி வரை தூங்கினேன், என்னை எழுப்ப வேண்டியதாகிவிட்டது.

இடையில் நிமிடமுள் சொன்னபடியும் முயன்றேன், சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. தொடர்ந்து ஆறு நாள் 3 கி.மீ. ஏழாவது நாள் ஷூவின் ஒரு நாடாவைக் கட்டிவிட்டு, மற்றதைக் கட்டாமல் திண்ணையில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு உள்ளே வந்தேன்.

இன்றைய கதை. மாலை பைக்கைச் சர்வீசுக்கு விட்டேன். இன்றே கிடைத்துவிடும் என்றுதான் போனேன், "நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டார்கள். வீடு 6 கி.மீ. பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றேன், வரவில்லை. எரிச்சலில் நடக்கத் தொடங்கினேன். நடந்துகொண்டே இருக்கையில் ஓடிக்கொண்டிருந்தேன். முழுக்கால் சட்டை, சட்டைப் பையில் பேனா, பேன்ட் பையில் சாவிக்கொத்து சலங்கை மாதிரி. கையில் போன். காலில் பழைய கேன்வாஸ் ஷூ. சிக்னலில் நின்றேன், நின்ற இடத்தில் குதிக்கவில்லை. ஒரு மேட்டில் மூச்சு வாங்கியது, நடந்தேன். அப்புறம் மறுபடி ஓடினேன். தெருவிளக்குகள் எரியத் தொடங்கிய நேரம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டது: "யாராவது துரத்தினாங்களாடா?"

குளித்துவிட்டு உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. 18 வாரம் ஓடியும் நான் எங்கேயும் போய்ச் சேரவில்லை. வாசலில் தொடங்கி வாசலிலேயே முடித்தேன், 32 கி.மீ. ஓடினாலும் அதே வாசல். இன்றுதான் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக ஓடினேன். ஓடாவிட்டால் வீட்டுக்கு லேட். அவ்வளவு எளிய காரணம் எனக்கு ரொம்ப நாளாக இல்லை.

இரண்டாவது, எனக்கு ஓட்டம் வெறுத்திருந்தது என்று நினைத்தேன். எனக்கு வெறுத்தது 4:45. அதிகாலை ஓட்டம்தான் ஒழுக்கமான ஓட்டம் என்று எங்கே படித்தேனோ தெரியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் தொடங்கியபோது ராத்திரிதானே ஓடினேன்!


மழைத்துளி_7 | சனி, இரவு 11:20

சட்டைப் பையில் பேனாவோடு 6 கி.மீ. ஓடினீர்களா? சட்டை என்ன ஆயிற்று?


ஈரக்காலுறை | சனி, இரவு 11:24

நீலம்.


நிமிடமுள் | ஞாயிறு, காலை 7:30

என் யோசனை ஆறு நாள்தான் தாங்கியது என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பைக் தினமும் சர்வீசுக்குப் போகாது. இன்னும் இரண்டு மாதத்தில் இந்தப் புதுமையும் தீர்ந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? ஏதோ ஒரு சட்டகம் வேண்டாமா? பந்தயம் இல்லாவிட்டாலும் வாரத்தில் இத்தனை நாள் என்றாவது?


ஈரக்காலுறை | ஞாயிறு, இரவு 8:45

நியாயமான கேள்விதான். பதில் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் வேலை முடிந்து ஓடியே வீட்டுக்கு வரலாம் என்று இருக்கிறேன். 9 கி.மீ. வருகிறது, பையை எங்கே வைப்பது என்று பார்க்க வேண்டும். அதையும் அட்டவணையாக்கிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது.

பச்சைப் பேனாவை எடுத்து மேஜைக்குள் போட்டுவிட்டேன். பழைய தாள் மட்டும் இன்னும் அலமாரிக் கதவில் இருக்கிறது. கிழிக்க மனசு வரவில்லை.


சாக்பீஸ் | ஞாயிறு, இரவு 9:05

கிழிக்க வேண்டாம். பின்பக்கம் வெற்றாகத்தானே இருக்கும்.


புதுஷூ | ஞாயிறு, இரவு 9:30

நான் கீழே நாலு வரி கோடு போட்டுவிட்டேன். மூன்றாவது வரியில் "அத்தை வீடு" என்று எழுதியிருக்கிறேன்.


கடைசிவரிசை | திங்கள், காலை 5:45

ஓடியா, வண்டியிலா?


புதுஷூ | திங்கள், காலை 8:10

ரயிலில் சார். 300 கி.மீ.


முழங்கால்சாமி | திங்கள், காலை 9:00

எல்லாம் சரி, அந்த பைக்குக்கு என்ன கோளாறு? அதை யாருமே கேட்கவில்லை.


ஈரக்காலுறை | திங்கள், இரவு 10:15

செயின் தளர்ந்திருந்ததாம். ஞாயிறு சாயங்காலம் எடுக்கப் போனேன், ஓடித்தான் போனேன். போய்ச் சேர்ந்தால் கடை பூட்டியிருந்தது. திரும்பியும் ஓடி வந்தேன். நாளைக்கு மறுபடி போக வேண்டும்.